நீர், மண், ஊட்டம்: களத்திலிருந்து வந்த கேள்விகள்

சமூக ஊட்டச்சத்து, மண்வளம், நீர் மேலாண்மை ஆகிய துறைகளில் இலாப நோக்கற்ற அமைப்புகள் செய்துவரும் புதிய முயற்சிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை களத்தில் வேலை செய்பவர்கள் எழுதியவை. அவற்றில் வியப்பைக் காட்டிலும் சலிப்பும் சந்தேகமும் கூடுதலாக இருந்தன. பதில் எழுதுபவருக்கு அதுவே வசதி. ஒரே பொருள்பட வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை சிறியது. கையிலுள்ள நிதியைக் கொண்டு ஒரு வேலையைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும். தண்ணீரா, மண்ணா, குழந்தைகளின் உணவா, எதில் தொடங்குவது?
(அறக்கட்டளைச் செயலர்)

பதில்: மூன்றில் எது முக்கியம் என்று கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. மழையில் தொடங்கி மண், பயிர், அடுப்படி வழியாகக் குழந்தையின் உடல் வரை செல்லும் பாதையில், உங்கள் பகுதியில் அடைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும். அதற்கு ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதிக்கொண்டு ஊர் மக்களோடு, குறிப்பாகப் பெண்களோடு, உட்காருங்கள். வீட்டில் தானியம் தீர்ந்துபோகும் மாதம் எது, தண்ணீருக்கு அதிகத் தூரம் நடக்கும் மாதம் எது, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கூடும் மாதம் எது, தாய்மார்களுக்கு வயல் வேலை நெருக்கும் மாதம் எது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தால், மானாவாரிப் பகுதிகள் பலவற்றில் இவற்றுள் குறைந்தது மூன்று, அறுவடைக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் வந்து குவிவதைக் காணலாம். உங்கள் நிதி அந்த மாதங்களை இலக்காகக் கொள்ளட்டும். எந்தத் துறையின் பெயரில் செலவிடுகிறோம் என்பது அதற்குப் பிறகு தானாகவே முடிவாகிவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாசோ நாட்டின் யத்தெங்கா பகுதியில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 1979 இல் தொடங்கிய பணி இதற்கு நல்ல சான்று. மழைநீரைத் தேக்கி மரம் வளர்ப்பதுதான் அவர்களுடைய முதல் திட்டம். வறட்சியில் அடிபட்டிருந்த விவசாயிகளுக்கோ மரத்தைவிடத் தானியமே அவசரமாக இருந்தது. தேக்கிய நீரைத் தானியத்துக்குப் பயன்படுத்தவே அவர்கள் விரும்பினார்கள். அமைப்பு அதை ஒழுங்கு மீறலாகக் கருதாமல், தன் இலக்கையே மாற்றிக்கொண்டது. வயலின் குறுக்கே கற்களை வரிசையாக அடுக்கும் பழக்கம் அங்கே முன்பே இருந்தது. ஆனால் சரிவு மிகவும் குறைந்த நிலத்தில் எது சமமட்டம் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மட்டம் தவறிய கல்வரிசையின் ஒரு முனையில் நீர் குவிந்து, அங்கேயே மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்த கருவி, கட்டட வேலையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நீர்க்குழாய்தான். பத்து இருபது மீட்டர் நீளமுள்ள, உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஒரு குழாயின் இரு முனைகளையும் அளவு குறித்த இரண்டு கோல்களில் கட்டி, உள்ளே காற்றுக்குமிழி தங்காதபடி தண்ணீர் நிரப்புகிறார்கள். ஒருவர் ஒரு கோலை ஓரிடத்தில் ஊன்றி நிற்க, மற்றவர் தன் கோலுடன் மேலும் கீழுமாக நகர்ந்து பார்க்கிறார். இரு கோல்களிலும் தண்ணீர் ஒரே குறியில் வந்து நிற்கும்போது இருவரின் காலடியும் ஒரே உயரத்தில் இருக்கிறது; அங்கே ஒரு குறியிட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் இதைக் கற்றுக்கொள்ள முடிந்தது. அந்தக் கோட்டின்மேல் அடுக்கிய கற்கள் நீரை அணைபோல் மறிப்பதில்லை. அவை ஓட்டத்தைத் தணித்துப் பரவவிடுகின்றன. அடித்து வரும் வண்டலும் சருகும் சாணத்துணுக்கும் கல்லுக்கு மேற்புறம் படிகின்றன.

அதே பகுதியின் விவசாயி யக்கூபா சவாடோகோ, 'சாய்' எனப்படும் பழைய குழிமுறையைச் சீர்படுத்தினார். 20 முதல் 40 செ.மீ. அகலமும் 10 முதல் 20 செ.மீ. ஆழமும் கொண்ட குழிகளைக் கோடையிலேயே தோண்டி, ஒவ்வொன்றிலும் தொழு உரம் இடுவது அந்த முறை. உரத்தைத் தேடி வரும் கறையான்கள் இறுகிய நிலத்தில் துளையிடுகின்றன. முதல் மழை அந்தத் துளைகள் வழியே உள்ளே இறங்குகிறது. குழி மட்டும் போட்டு உரம் இடாத இடங்களில் விளைச்சல் பெரிதாக உயரவில்லை என்பதை நீர்த் திட்டங்களுக்கு மட்டும் நிதி தருபவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். உழைப்பும் சாதாரணமானதல்ல, ஒரு ஹெக்டேருக்கு 300 மணி நேரத்துக்கு மேல் தோண்ட வேண்டும். ஆள்பலம் இல்லாத குடும்பத்துக்கு, அதிலும் பெண் தலைமையேற்று நடத்தும் குடும்பத்துக்கு, இந்த உத்தி எட்டாமலே போகக்கூடும். உங்கள் சிறிய நிதி அந்தக் குடும்பங்களுக்கான கூலியாகச் செல்வதில் தவறேதும் இல்லை.

கேள்வி: ஐந்தாண்டுகளாக வேலை செய்கிறோம். நிலத்தடி நீர் உயர்ந்தது, விளைச்சலும் கூடியது. ஆனால் குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் மாற்றம் தெரியவில்லை. எங்கே தவறு?
(திட்ட மேலாளர்)

பதில்: தவறு உங்கள் வேலையில் இல்லாமல், விளைச்சல் கூடினால் ஊட்டம் தானாகக் கூடிவிடும் என்ற எதிர்பார்ப்பில் இருக்கலாம். கூடுதல் விளைச்சல் சந்தைக்குப் போகிறது. பணமாகித் திரும்பி வருகிறது. அதை யார் கையில் வாங்குகிறார், எதற்குச் செலவிடுகிறார் என்பதைப் பொறுத்தே மற்றவை நடக்கும். நீர் வந்ததும் இரண்டாம் பயிர் வைக்கிறார்கள் என்றால் தாயின் வயல் வேலை இரட்டிக்கிறது என்பதும் பொருள். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை ஊட்ட வேண்டும். அதற்கு வேண்டிய நேரத்தை நம் தடுப்பணையே பறித்துக்கொள்ளவும் கூடும்.

வீட்டுத்தோட்டத்தையும் ஊட்டச்சத்தையும் இணைக்கும் பணியில் நீண்ட அனுபவமுள்ளது ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் அமைப்பு. வங்கதேசத்தில் கீரை, காய்கறித் தோட்டங்களோடு தொடங்கிய அவர்கள், பின்னர் கோழி வளர்ப்பையும் சேர்த்தார்கள். இலைக்கீரைகளிலுள்ள நிறமிப்பொருள் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் அளவு முன்பு கருதப்பட்டதைவிடக் குறைவு என்று தெரியவந்ததும், முட்டை போன்ற உணவுகளின் தேவை உணரப்பட்டதும் இதற்குக் காரணம். இதே அமைப்பு புர்க்கினா ஃபாசோவின் கூர்மா மாநிலத்தில் 2010 முதல் 2012 வரை நடத்திய திட்டத்தை ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக் கிராமங்களுடன் வைத்து அளந்தார்கள். பெண்களின் பொறுப்பில் தோட்டமும் கோழியும், அவற்றோடு குழந்தை உணவு பற்றிய தொடர்ந்த ஆலோசனையும் அங்கே தரப்பட்டன. சுகாதாரக் குழுவினர் ஆலோசனை வழங்கிய கிராமங்களில் குழந்தைகளின் இரத்தச்சோகையும் வயிற்றுப்போக்கும் குறைந்தன. உயரக் குறைபாடோ அசையவில்லை.

தண்ணீர், கழிப்பறை, கைகழுவுதல் ஆகியவற்றை மட்டும் வழங்கினால் குழந்தைகள் உயரமாவார்களா என்று வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளியான அந்த முடிவுகள் துறையையே சற்று உலுக்கின. இவற்றால் மட்டும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. உணவு ஆலோசனையும் சத்துச் சேர்ப்புப் பசையும் பெற்ற குழந்தைகளிடம் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. அவற்றோடு சுகாதார வசதிகளைச் சேர்த்தபோது அந்த முன்னேற்றம் மேலும் பெருகவில்லை. இதைக் காட்டிக் கழிப்பறைகள் வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். அது அரைகுறைப் படிப்பு. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு கணிசமாகக் குறைந்தது. குழந்தை தவழும் முற்றத்தில் கோழி எச்சம் கிடக்கும்வரை, குறைந்த செலவுக் கழிப்பறை ஒன்றே கிருமிகளைத் தடுத்துவிடாது என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

ஆகவே உயரத்தை உங்கள் திட்டத்தின் ஒரே அளவுகோலாக வைக்காதீர்கள். உயரக் குறைபாடு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. திட்டம் தொடங்கும்போது ஊரில் இருக்கும் குழந்தைகளில் பலர் நீங்கள் தலையிடுவதற்கு முன்பே அந்தக் காலத்தைக் கடந்திருப்பார்கள். முந்தைய நாள் குழந்தை எத்தனை வகை உணவு உண்டது, கர்ப்பிணிக்கு இரத்தச்சோகை இருக்கிறதா, தாய்க்கு ஓய்வு கிடைக்கிறதா என்பவற்றை அளந்தால் எங்கே திருத்த வேண்டும் என்பது ஆண்டுக்குள்ளேயே தெரியும்.

கேள்வி: தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து வகுப்பு நடத்துகிறோம். எல்லாம் புரிந்ததாகத் தலையாட்டுகிறார்கள். வீட்டுக்குப் போனால் பழைய கதைதான்.
(சுகாதாரப் பணியாளர்)

பதில்: வகுப்பை நிறுத்திவிட்டு ஒரு தேடலை நடத்திப் பாருங்கள். 1990 டிசம்பரில் சேவ் தி சில்ரன் அமைப்பின் சார்பில் வியட்நாமுக்குச் சென்ற ஜெரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மொனீக்கும், ஆறு மாதத்துக்குள் பலன் காட்ட வேண்டும் என்ற கெடுவுக்குள் வேலை செய்ய வேண்டியிருந்தது. தான் ஹோவா மாநிலத்தின் கிராமங்களில் குழந்தைகளை எடைபோட்டுவிட்டு அவர்கள் ஊராரிடம் வைத்த கேள்வி எளிமையானது: மிகவும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தும் நல்ல எடையோடு இருக்கும் குழந்தை உண்டா? உண்டு என்றார்கள். அந்த வீடுகளுக்கு ஊர்ப் பெண்களே போய்ப் பார்த்தபோது, வயலில் கிடைக்கும் பொடி இறாலையும் நண்டையும் சர்க்கரைவள்ளிக் கொழுந்தையும் அந்தத் தாய்மார்கள் குழந்தையின் சோற்றில் சேர்ப்பது தெரிந்தது. மற்றவர்கள் அவற்றைக் குழந்தைக்கு ஆகாதவை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். உணவை நாளுக்கு இரண்டு வேளையாக இல்லாமல் நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்ததும், ஊட்டுமுன் கைகழுவியதும் அந்த வீடுகளில் கண்ட மற்ற வேறுபாடுகள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் கூர்மையானது. கண்டதைச் சொற்பொழிவாக்கவில்லை. எடை குறைந்த குழந்தைகளின் தாய்மார்கள் இரண்டு வாரம் ஒன்றுகூடிச் சமைத்து ஊட்டினார்கள். ஒவ்வொருவரும் வரும்போது ஒரு கைப்பிடி இறாலோ நண்டோ கீரையோ கொண்டுவர வேண்டும் என்பதே நுழைவுக் கட்டணம். அதைத் தேடி வயலுக்குப் போவதும் கழுவிச் சமைப்பதும் பதினைந்து நாளில் பழகிவிடுகிறது. இரண்டு வாரத்தின் முடிவில் மறுபடி எடைபோடும்போது கிடைக்கும் எண் எந்த வகுப்பையும்விட வலுவாகப் பேசும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: ஏழை வீட்டில் நல்ல எடையோடு ஒரு குழந்தைகூட இல்லாத ஊரில் இந்த முறை செல்லாது. அங்கே பற்றாக்குறை பழக்கத்தில் இல்லை, பண்டத்திலேயே இருக்கிறது. உணவு தந்துதான் ஆக வேண்டும்.

கேள்வி: மண்ணில் கரிமப்பொருள் ஒரு சதவீதம் கூடினால் ஏக்கருக்கு லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீரை மண்ணே பிடித்துவைக்கும் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். உண்மையா?
(இயற்கை வேளாண் ஆர்வலர்)

பதில்: இல்லை, மிகைப்படுத்திய கணக்கு. பல நாட்டு மண் தரவுகளைத் தொகுத்து 2018 இல் வெளியான ஆய்வின்படி, மண்ணின் எடையில் அங்ககக் கார்பன் (கரிமப்பொருளில் உள்ள கார்பன்) ஒரு சதவீதம் கூடினால், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் ஒவ்வொரு 100 மி.மீ. ஆழ மண்ணுக்கும் சராசரியாக 1.16 மி.மீ. கூடுகிறது. மேல் 30 செ.மீ. மண்ணுக்குக் கணக்கிட்டால் சுமார் 3.5 மி.மீ., அதாவது ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 35,000 லிட்டர். கேட்கப் பெரிதாகத் தோன்றும் இந்தத் தண்ணீர், வெயில் காலத்தில் செழித்து நிற்கும் பயிரின் ஒரு நாள் தேவைக்குக்கூடப் போதாது. அந்த ஒரு சதவீதத்தை உயர்த்த ஹெக்டேருக்கு ஏறக்குறைய 40 டன் கார்பன் மண்ணில் நிலைத்துத் தங்க வேண்டும். இடும் மட்கில் பெரும்பகுதி நுண்ணுயிர்களால் சிதைந்து காற்றோடு போய்விடுவதால், அது பல ஆண்டு வேலை.

இருந்தும் கரிமப்பொருளை விட்டுவிட முடியாது. அதன் பெரிய பயன் நீரைப் பிடித்துவைப்பதைவிட, நீரை உள்ளே விடுவதில் இருக்கிறது. மண்துகள்களை அது உருண்டைகளாகப் பிணைப்பதால் மழைத்துளி பட்டு மேற்பரப்பு பொருக்குத் தட்டுவதில்லை, 40 மி.மீ. மழையில் பாதி ஓடிப்போகும் நிலத்தில் அதைத் தடுத்தாலே 20 மி.மீ. மீதமாகும். இதைக் காண ஆய்வுக்கூடம் வேண்டாம். நன்கு காய்ந்த மண்கட்டி ஒன்றை உங்கள் வயலிலிருந்தும், இன்னொன்றை உழவே படாத வேலியோரத்திலிருந்தும் எடுத்து, இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கம்பிவலைமேல் மெல்ல வையுங்கள். பிணைப்பற்ற கட்டி சில நிமிடத்தில் கரைந்து அடியில் சேறாகும். மற்றது உருக்குலையாமல் இருக்கும். (பருத்தி உள்ளாடையை வயலில் இரண்டு மாதம் புதைத்துவைத்து, எவ்வளவு மக்கியிருக்கிறது என்று பார்க்கும் சோதனையைக் கனடாவில் ஒரு மண்வள அமைப்பு பரப்பியது. சிரிப்பு வந்தாலும் பள்ளிக்கூடங்களில் நன்றாகவே எடுபடும்.)

கேள்வி: சத்துச் செறிந்த பயிர் ரகங்களை வீடுவீடாகக் கொடுத்தோம். முதல் ஆண்டு எல்லோரும் நட்டார்கள். அடுத்த ஆண்டு நடுவதற்குப் பொருளே இல்லை.
(களப்பணியாளர்)

பதில்: ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இதே சிக்கலைச் சந்தித்தது. வைட்டமின் ஏ குறைபாட்டைப் போக்க மொசாம்பிக், உகாண்டா போன்ற நாடுகளில் அதைப் பரப்பியவர்களுக்கு 2016 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் பயிர் விதையால் பெருகுவதில்லை, கொடி வேண்டும். நீண்ட கோடையில் கொடி காய்ந்துவிடும். அதற்குக் கண்ட வழி, அடிபடாத நடுத்தரக் கிழங்குகளை அறுவடையின்போதே பொறுக்கி, ஓர் அகலப் பாத்திரத்தில் உலர்ந்த மணலுக்கிடையே அடுக்கடுக்காக வைத்துவிடுவது. இடையிடையே பார்த்து அழுகியதை எடுத்துவிட வேண்டும். மழைக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு அவற்றை வீட்டருகே சிறு பாத்தியில் நட்டுக் கழுவுநீர் விட்டுவந்தால், மழை இறங்கும்போது வெட்டி நடக் கொடி தயாராக இருக்கும். எந்தப் பயிரை வழங்கினாலும் அடுத்த பருவத்து விதைக்கான ஏற்பாட்டை முதல் பருவத்திலேயே கற்றுத்தாருங்கள்.

கேள்வி: நாங்கள் அமைத்த அடிபம்புகளில் பல பழுதாகிக் கிடக்கின்றன. ஊர்க்குழு அமைத்துப் பயிற்சியும் தந்தோம். வேறு என்ன செய்வது?
(தொண்டு நிறுவன நிர்வாகி)

பதில்: உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ நான்கில் ஓர் அடிபம்பு வேலை செய்வதில்லை. பயிற்சி பெற்ற ஊர்க்குழு என்ற ஏற்பாடு காகிதத்தில் அழகாக இருக்கும். ஆண்டுக்கொரு முறை வரும் பழுதுக்காக வைத்திருக்கும் ஸ்பேனர் தேவைப்படும் நாளில் காணாமல் போயிருக்கும், பழகியவரும் வேலை தேடி வெளியூர் போயிருப்பார். கென்யாவின் கியூசோ பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2013 இல் வேறொன்றை முயன்றார்கள். பம்பின் கைப்பிடிக்குள் அசைவை உணரும் சிறு கருவியை வைத்தார்கள். எத்தனை முறை அடிக்கப்பட்டது என்பதை அது குறுஞ்செய்தியாக அனுப்பும். செய்தி நின்றால் பம்பும் நின்றுவிட்டது என்று பொருள். சராசரியாக 27 நாள் பழுதாகிக் கிடந்த பம்புகள் மூன்று நாளுக்குள் சீராயின.

இதைப் படித்ததும் பலர் அந்தக் கருவியை வாங்கத் துடிக்கிறார்கள். ஓடிப்போய் ரிப்பேர் செய்ய, சம்பளம் பெறும் மெக்கானிக்கும் உதிரிபாகக் கிடங்கும் பின்னால் இருந்ததால்தான் அந்தச் செய்திக்கு மதிப்பு. பழுது உடனே சரியாகும் என்ற நம்பிக்கை வந்தபின் முன்பைவிடக் கூடுதல் கட்டணம் தரவும் மக்கள் முன்வந்தார்கள். உங்கள் பம்புகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு மெக்கானிக்கை அமர்த்தி, ஒரு தொலைபேசி எண்ணை ஒவ்வொரு பம்பிலும் பெயின்டால் எழுதிவையுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: தடுப்பணைகள் கட்டியதும் கிணறுகளில் நீர் ஏறியது. உடனே வசதியுள்ளவர்கள் புதிய ஆழ்துளைக் கிணறுகளைப் போட்டு இறைக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் உழைப்பு யாருக்குப் போகிறது?
(நீர்ப்பிடிப்புக் குழு உறுப்பினர்)

பதில்: கசப்பாக இருந்தாலும், ஆழமாகத் தோண்டப் பணம் உள்ளவருக்குத்தான் போகிறது. சேமிப்பைக் கூட்டும் வேலைக்கு நிதி எளிதில் கிடைக்கிறது, செலவைக் கட்டுப்படுத்தும் வேலைக்குக் கிடைப்பதில்லை; முன்னதற்குக் கல்வெட்டு வைக்கலாம் என்பதால் இருக்கலாம். ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் 1985 முதல் ஜோஹட் எனப்படும் மண் அணைகளை ஊராரோடு சேர்ந்து மீட்ட தருண் பாரத் சங் அமைப்பைப் பற்றிப் பலரும் அறிவர்; அதன் தலைவர் ராஜேந்திர சிங்குக்கு 2015 இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு கிடைத்தது. அணைகளைவிடக் குறைவாகப் பேசப்படுவது, அர்வரி ஆற்றுப் படுகையின் ஏறத்தாழ 70 கிராமங்கள் 1999 இல் அமைத்த ஆற்றுப் பாராளுமன்றம். கரும்பு, நெல் போன்ற நீரை அதிகம் குடிக்கும் பயிர்களைத் தவிர்ப்பது உள்ளிட்ட விதிகளை அது வகுத்தது. அதற்குச் சட்ட அதிகாரம் ஏதும் கிடையாது. ஊரின் கண்ணுக்கு முன் மீறுவதிலுள்ள கூச்சமே அதன் பலம், பலவீனமும் அதுவே.

தடை விதிக்காமலே ஆந்திராவின் வறட்சி மாவட்டங்களில் ஒரு முயற்சி நடந்தது. 2003 முதல் 2009 வரை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவோடு தொண்டு நிறுவனங்கள் நடத்திய அத்திட்டத்தில், மழைமானியைப் படிப்பதும் கிணற்றின் நீர்மட்டத்தை அளப்பதும் விவசாயிகளின் வேலையாயின. பின்பருவ விதைப்புக்கு முன் ஊர் கூடி, நிலத்தடியில் எவ்வளவு நீர் இருக்கிறது, எல்லோரும் நினைத்த பயிரை வைத்தால் எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் போடுவார்கள். பற்றாக்குறை வெளிப்படையாகத் தெரிந்தபின் அவரவர் முடிவு அவரவருக்கு. பல நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் இறைப்பு குறைந்ததை உலக வங்கியின் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. உங்கள் குழு அடுத்த தடுப்பணையைக் கட்டுமுன் இந்தக் கணக்கைத் தொடங்கட்டும். கணக்கில் கீழ்ப்பகுதி ஊர்களையும் சேருங்கள்; மேலே ஒவ்வொரு ஓடையிலும் நீரை நிறுத்தினால் கீழே வரும் நீர் குறையும் என்பது எந்த விருதாலும் மாறாத இயற்பியல்.

கேள்வி: ஆண்டுதோறும் மரக்கன்று நடுகிறோம். ஒன்றும் பிழைப்பதில்லை.
(மாணவர் அமைப்பின் பொறுப்பாளர்)

பதில்: நடுவதைச் சிறிது காலம் நிறுத்திவிட்டுக் குனிந்து பாருங்கள். நைஜர் நாட்டின் மராதிப் பகுதியில் கன்றுகளை நட்டுநட்டு இழந்துகொண்டிருந்த டோனி ரினாடோ, 1983 இல் வயல்களில் புதர் என்று ஒதுக்கப்பட்டவை உண்மையில் வெட்டுண்ட மரங்களின் கட்டைகள் விடும் தளிர்கள் என்பதைக் கவனித்தார். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் அவற்றுக்கு நீரூற்ற வேண்டியதில்லை. ஒரு கட்டையில் நேரான சில தளிர்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்து, ஆடுமாடு மேயாமல் காத்தால் போதும். நாளடைவில் அந்நாட்டின் தென்பகுதியில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இந்த முறையில் மரம் திரும்பியதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவற்றுள் ஒருவகை வேலமரம் மழைக்காலத்தில் இலையுதிர்ப்பதால் அதனடியில் பயிருக்கு வெளிச்சமும் தழைச்சத்தும் ஒருசேரக் கிடைக்கின்றன. மரம் அரசுக்குச் சொந்தம் என்ற விதி நடைமுறையில் தளர்ந்து, வளர்ப்பவரே கிளையை வெட்டி விற்கலாம் என்ற நிலை வந்ததும் இந்தப் பரவலுக்கு முக்கியக் காரணம். உங்கள் பகுதியில் மரம் யாருக்குச் சொந்தம் என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: நன்கொடையாளர்கள் எதற்கெடுத்தாலும் புதுமை கேட்கிறார்கள். செயலி இல்லாத திட்டத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.
(நிதி திரட்டுபவர்)

பதில்: அவர்களுக்கு ஒரு நாடாவைக் காட்டுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது மேற்கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடா அது: 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. பல்லாண்டுகளாகச் சுகாதாரப் பணியாளர்களின் பையில் இருந்த அதை, நைஜரில் அலிமா என்ற மருத்துவத் தொண்டு அமைப்பு தாய்மார்களின் கையில் கொடுத்தது. பயிற்சி பெற்ற பணியாளர்களுக்கு இணையாக அவர்கள் அளந்தார்கள். மெலிவு முற்றுமுன்பே குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள். பொருள் பழையது, கை மாறியது மட்டுமே புதிது. இதைப் புதுமையாக ஏற்காத நன்கொடையாளரிடம் செயலிக்கு நிதி வாங்கினாலும், பிறகு அறிக்கை எழுதியே உங்கள் காலம் கழியும்.

கேள்வி: குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஆழ்துளைக் கிணறுகள் போட்டுத்தர ஒருவர் முன்வந்திருக்கிறார். தயங்க ஏதாவது காரணம் உண்டா?
(ஊர் நலச் சங்கத் தலைவர்)

பதில்: கிணறு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பரிசோதனை இல்லாத கிணறு வேண்டாம் என்பேன். வங்கதேசத்தில் 1970களில் இதே நல்லெண்ணத்தோடுதான் அரசும் யூனிசெஃபும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. கிருமியற்ற நீர் கிடைத்தது உண்மை. அந்த நீரில் ஆர்செனிக் இருப்பது 1993 இல்தான் கண்டறியப்பட்டது. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் இரும்புத் துகள்களோடு ஒட்டியிருந்த நஞ்சு, காற்றில்லாத ஆழத்தில் நுண்ணுயிர்களின் செயலால் பிரிந்து நீரில் கலந்திருந்தது. அதற்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. கொதிக்கவைத்தால் நீர் குறைந்து நஞ்சின் செறிவு கூடவே செய்யும். தோலில் புள்ளிகள் தோன்றப் பல ஆண்டுகள் ஆகும். அதே நீரை வயலுக்குப் பாய்ச்சியதால் நெல்வயல் மண்ணிலும் ஆர்செனிக் சேர்ந்து, அரிசிக்கும் ஏறுகிறது.

பின்னர் அங்கே ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் பம்பின் வாயில் சிவப்பும் குறைந்தால் பச்சையும் பூசினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம் என்பதால், பச்சை என்பதும் முழுப் பாதுகாப்பைக் குறிக்கவில்லை. வடிகட்டிகள், மழைநீர்த் தொட்டிகள் எனப் பல தீர்வுகள் வந்தாலும், சிவப்புக் கிணற்றை விட்டு அருகிலிருந்த பச்சைக் கிணற்றுக்கு மாறியதுதான் மிகுதியான மக்களுக்கு உதவியது. சில பத்து மீட்டர் தள்ளி, வேறு ஆழத்தில் போட்ட கிணற்றின் நீர் முற்றிலும் வேறாக இருக்கக்கூடும். ஆகவே ஒரு கிணற்றின் முடிவை அடுத்ததற்குப் பொருத்த முடியாது.

உங்கள் பகுதியின் பாறையையும் வண்டலையும் பொறுத்து ஆர்செனிக்குக்குப் பதில் புளோரைடோ நைட்ரேட்டோ உப்போ இருக்கலாம். கிணறு தோண்டும் ஒப்பந்தத்திலேயே ஒவ்வொரு கிணற்றுக்கும் தனித்தனி நீர்ப் பரிசோதனையைச் சேர்த்து, முடிவு வரும்வரை இறுதித் தவணையை நிறுத்திவையுங்கள். முடிவை ஊர்ப் பொதுவிடத்தில் எழுதிவையுங்கள். மறுபரிசோதனை எப்போது, யார் பொறுப்பு என்பதையும் அதே பலகையில் குறியுங்கள். அதுவரை குளத்து நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி, குளக்கரையில் மலங்கழிப்பதையும் கால்நடை இறங்குவதையும் தடுக்க ஒரு வேலி போடுங்கள். அதற்கு நன்கொடையாளருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.